ஐந்து டிஸ்லைக்கில் ஒரு ஊர்ச்செய்தியை மறைக்காதீர்கள்: நம் வட்டாரச் செயலியின் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

செயலியின் நிர்வாகக் குழுவில் இருக்கும் அனைவருக்கும்,

நீங்கள் அறிவித்திருக்கும் புதிய விதிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். லைக்கிலிருந்து டிஸ்லைக்கைக் கழித்தால் வரும் எண் மைனஸ் ஐந்தைத் தொட்டதும் பதிவு தானாக மறைந்துவிடும் என்கிறது முதல் விதி. செயலியில் பங்கெடுத்து ஆயிரம் புள்ளிக்கு மேல் சேர்த்தவரின் வாக்கு இரண்டு வாக்காகக் கணக்காகும் என்கிறது அடுத்தது. அட்மின் நீக்கிய பதிவுக்குக் காரணம் சொல்லப்படாது, அவர் முடிவே இறுதி என்கிறது மூன்றாவது. அறிவிப்பு வந்த அன்றே சிலர் இதை மறுத்து எழுதினார்கள். அந்தப் பதிவுகள் இப்போது செயலியில் இல்லை. அதனால்தான் வெளியில் வைத்து எழுத வேண்டியிருக்கிறது.

காரைக்குடியில் சின்னதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். பட்டா மாறுதல், வருமானச் சான்று, தேர்வு விண்ணப்பம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தினமும் ஆட்கள் வருவார்கள். செயலி வந்த பிறகு, "தம்பி, இதையும் அதுல போட்டு விடுப்பா" என்று கேட்டு வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பலருக்குத் தமிழில் தட்டச்சு வராது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடித்து, அவர்கள் கணக்கிலேயே ஏற்றிக் கொடுப்பேன். யார் என்ன நினைத்து ஒரு பதிவைப் போடுகிறார்கள், அப்புறம் அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், பக்கத்து ஊர் ஆச்சி ஒருவர் தன் போனில் எடுத்த படங்களோடு வந்தார். நல்ல மழைதான். ஆனாலும் அவர்கள் ஊர் ஊருணியில் கணுக்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் ஏறவில்லை. காரணம் அடுத்த படத்தில் இருந்தது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் போகும் இடத்தில் இடித்த செங்கல்லும் காரையும் மலையாகக் கொட்டிக் கிடந்தன. வற்றாத ஆறு எதுவும் இல்லாத சீமை நம்முடையது. கண்மாயும் ஊருணியும்தான் நம் தண்ணீர். அந்த ஆச்சி யார் பெயரையும் சொல்லவில்லை, யாரையும் குற்றம் சாட்டவில்லை. "இதை அள்ளிப் போட யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். காலை பத்து மணிக்கு ஏறிய பதிவு மதியத்துக்குள் டிஸ்லைக்கில் மூழ்கியது. "வெளியூர்க்காரர்கள் பார்க்கிற இடத்தில் ஊர் மானத்தை வாங்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சாயங்காலம் அட்மின் அதை நீக்கிவிட்டார். "ஊரின் நற்பெயருக்குக் களங்கம்" என்று ஒரு வரி மட்டும் வந்தது. அப்படி ஒரு விதி உங்கள் விதிப் பக்கத்தில் எங்கும் இல்லை.

ஊர்ப்பெருமையைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாடு ஏறியபோது நானும் மகிழ்ந்தேன். அந்தப் பட்டியலில் ஏறியது தனித்தனி மாளிகைகள் இல்லை, தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுப்புகள். ஊர் என்றால் அதில் ஊருணியும் அடக்கம்தானே? அது அடைபட்டுக் கிடக்கிறது என்று சொல்கிறவர் ஊரின் பெயரைக் கெடுக்கிறார் என்றால், ஊரின் பெயரைக் காப்பவர் யார்?

இன்னொருவர் ஆத்தங்குடிப் பக்கம் தரையில் பதிக்கும் டைல்ஸ் கல் செய்யும் தொழிலாளி. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் வேலை. அந்தக் கல்லில் வரும் பளபளப்பு கண்ணாடி தருவது, பாலிஷ் போட்டு வந்தது இல்லை. வேறெங்கோ செய்த கல்லை ஆத்தங்குடிக் கல் என்று சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கி எழுதச் சொன்னார். அவ்வளவு பயனுள்ள பதிவை நான் செயலியில் அதிகம் பார்த்ததில்லை. வியாபாரம் செய்கிறவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து அதைக் கீழே தள்ளினார்கள். கை தேர்ந்த தொழிலாளியின் சொல், அந்தத் தொழிலைத் தொட்டே பார்க்காதவர்களின் விரலசைவுக்குத் தோற்றுப்போனது. அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை.

இந்த இரண்டும் மறைந்த அதே மாதத்தில், ஒரு சாதியாரை இழித்து எழுதிய பதிவு ஒன்று நாள்கணக்கில் முதல் பக்கத்திலேயே நின்றது. அதற்கு லைக் அதிகம். புகார் பொத்தானை அழுத்தியவர்கள் பலர் என் கடைக்கு வருகிறவர்கள். புகார் கிடைத்தது என்ற தகவல்கூட அவர்களுக்கு வரவில்லை. உண்மையில் நீக்க வேண்டியதை லைக் காப்பாற்றுகிறது, நீக்கக் கூடாததை டிஸ்லைக் கொல்கிறது. ஒரு பதிவு பிடிக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது விதியை மீறுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பிய இடத்தில்தான் நம் எல்லாத் தகராறும் தொடங்குகிறது. என் முறையீட்டின் சாரமே இதுதான். கீழே நான் எழுதுவதெல்லாம் இதற்கான ஆதாரங்கள்.

முதலில் அந்த மைனஸ் ஐந்தைப் பார்ப்போம். ஐந்து பேர் டிஸ்லைக் போட்டு ஒருவரும் லைக் போடாவிட்டால் மைனஸ் ஐந்து. நூறு பேர் லைக் போட்டு நூற்றைந்து பேர் டிஸ்லைக் போட்டாலும் மைனஸ் ஐந்துதான். இரண்டாவது பதிவு ஊரே இரண்டுபட்டு விவாதிக்கிற விஷயம். ஒரு பொதுக்களத்தில் அதிகம் பேசப்பட வேண்டியது அது. உங்கள் விதி இரண்டையும் ஒன்றாகவே மறைக்கும்.

வெறுமனே கழித்துப் பார்ப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி இல்லை. எட்வின் வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1927இலேயே ஒரு கணக்கு முறையைத் தந்துவிட்டார். கொஞ்சப் பேர் போட்ட வாக்கை வைத்து, எல்லோரையும் கேட்டிருந்தால் குறைந்தது எத்தனை விழுக்காட்டினர் விரும்பியிருப்பார்கள் என்று எச்சரிக்கையோடு மதிப்பிடும் முறை அது. 2009இல் ரெடிட் என்ற இணைய விவாதத் தளம் கருத்துகளை வரிசைப்படுத்த இதை எடுத்துக்கொண்டது. உதாரணத்துக்கு, ஒரு பதிவுக்கு 60 லைக், 40 டிஸ்லைக். இன்னொன்றுக்கு 15 லைக், டிஸ்லைக்கே இல்லை. உங்கள் கணக்கில் முதல் பதிவு 20, இரண்டாவது 15. முதலாவதுதான் மேலே நிற்கும். வில்சன் கணக்கில், 95 விழுக்காடு நம்பகத்தோடு பார்த்தால், முதல் பதிவை விரும்புவோர் குறைந்தது நூற்றுக்கு 50 பேர், இரண்டாவதை விரும்புவோர் குறைந்தது நூற்றுக்கு 80 பேர். வரிசை தலைகீழாகிவிடுகிறது.

அதே கணக்கை ஐந்து டிஸ்லைக் வாங்கிய பதிவுக்கும் போட்டுப் பார்த்தேன். லைக்கே இல்லாமல் ஐந்து டிஸ்லைக் மட்டும் விழுந்திருந்தாலும், உறுப்பினர்களில் நூற்றுக்கு 43 பேர் வரை அந்தப் பதிவை விரும்பக்கூடும். அதுவும் அந்த ஐந்து பேர் குலுக்கல் முறையில் பொதுவாக எடுக்கப்பட்டவர்களாக இருந்தால்தான். நம் செயலியில் அந்த ஐந்து பேர் யார்? அந்த நேரத்தில் கையில் போனும் ஓய்வும் இருக்கிறவர்கள்.

இந்த நேரக் கணக்கை நீங்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. நம் உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை. வெளியே போய்ச் சம்பாதித்து ஊருக்கு அனுப்பியவர்களின் பணத்தில்தான் இங்கே கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன. ஆனால் காலை பத்து மணிக்கு இங்கே ஒரு பதிவு ஏறினால், அந்த நேரத்தில் கொத்தனார் சாரத்தின் மேல் இருப்பார், கண்டாங்கி நெய்கிறவர் தறியில் இருப்பார், பள்ளிக்கூடத்துச் சத்துணவு அம்மா அடுப்படியில் இருப்பார். அவர்கள் செயலியைத் திறப்பது இரவு எட்டு மணிக்கு மேல். அதற்குள் அந்தப் பதிவின் கதை முடிந்துவிடுகிறது. ஊரில் வாழ்கிறவர்களைப் பாதிக்கிற ஒரு விஷயத்தை, அவர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே வேறு யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள்.

முதலில் விழும் வாக்குக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் ஆகியோரின் ஆய்வு 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது. ஒரு செய்தித் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பொய் லைக்கும் சிலவற்றுக்கு ஒரு பொய் டிஸ்லைக்கும் போட்டார்கள். ஒரே ஒரு பொய் லைக் விழுந்த கருத்தின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு கூடிவிட்டது. பொய் டிஸ்லைக் விழுந்தவற்றை மற்றவர்கள் பார்த்து, லைக் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். இந்த இரண்டாவது செய்தியை வைத்து, "பார்த்தீர்களா, கூட்டமே திருத்திக்கொள்ளும்" என்று நீங்கள் வாதாடலாம். கூட்டம் திருத்த முடிந்ததற்குக் காரணம், அந்தக் கருத்துகள் கூட்டத்தின் கண் முன்னே இருந்ததுதான். நீங்கள் மைனஸ் ஐந்தில் பதிவையே மறைத்துவிட்டால் அநியாயமாக விழுந்த டிஸ்லைக்கைத் திருத்த யார் வருவார்கள்? திருத்துவதற்கு இருக்கும் ஒரே வழியையும் உங்கள் விதி அடைத்துவிடுகிறது.

இரட்டை வாக்கு விஷயம் இதைவிட மோசம். செயலியில் புள்ளி எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். தினமும் வணக்கம் போட்டால் புள்ளி. பழைய வீட்டு முகப்பு, கல்யாணப் பந்தி, பிள்ளையார்பட்டித் தேர் என்று படம் போட்டால் நிறையப் புள்ளி. அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கும், நானும் லைக் போடுகிறேன். ஆனால் ஒருவர் அழகான படம் எடுப்பார் என்பதற்காக வரத்துக்கால் பற்றியோ, கல் தரம் பற்றியோ அவர் சொல்லுக்கு ஏன் இரட்டை மதிப்பு? புள்ளி இங்கே ஓய்வு நேரத்தை அளக்கிறது. ஓய்வே இல்லாதவருக்கு ஒரு வாக்கு, ஓய்வு உள்ளவருக்கு இரண்டு வாக்கு என்பதைத்தான் இந்த விதி நடைமுறையில் செய்யும்.

மற்ற இடங்களிலும் புள்ளி முறை உண்டு என்று உங்கள் அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்கள். உண்டு, அது எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில், 125 புள்ளி சேர்த்தவர்தான் டிஸ்லைக் போட முடியும். ஒருவரின் விடைக்கு டிஸ்லைக் போட்டால், போட்டவரின் கணக்கிலிருந்தும் ஒரு புள்ளி குறையும். யோசித்துப் போடட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பழையவரின் வாக்கும் புதியவரின் வாக்கும் அங்கே சமம்தான். நீங்கள் அங்கிருந்து புள்ளியை எடுத்துக்கொண்டீர்கள், பொறுப்பை விட்டுவிட்டீர்கள்.

ஸ்லாஷ்டாட் என்ற தளம் 1990களின் இறுதியிலேயே இந்தச் சிக்கலைச் சந்தித்தது. அவர்கள் செய்த ஏற்பாட்டை எவ்வளவு தடவை படித்தாலும் எனக்கு வியப்புத்தான். கருத்துகளை மதிப்பிடும் உரிமையை நிரந்தரமாக யாருக்கும் கொடுக்கவில்லை. ஒழுங்காகப் பங்கெடுக்கும் உறுப்பினர்களில் சிலரைத் தற்செயலாகத் தேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் மதிப்பிடும் புள்ளிகள் கொடுப்பார்கள், அவை சில நாளில் காலாவதியாகிவிடும். ஒரு விவாதத்தில் கருத்துச் சொன்னவர் அதே விவாதத்தில் மதிப்பிட முடியாது. மேலேற்றவோ கீழிறக்கவோ வேண்டுமானால் வெறும் பொத்தானை அழுத்தினால் போதாது. விவரமானது, நுட்பமானது, தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது, வம்பிழுப்பது என்று காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மதிப்பீடு நியாயமாக இருந்ததா என்று வேறு உறுப்பினர்கள் திரும்பப் பார்ப்பார்கள். மதிப்பெண் குறைந்த கருத்தையும் அழித்துவிட மாட்டார்கள். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் உள்ளதைக் காட்ட வேண்டும் என்பதைப் படிக்கிறவரே வைத்துக்கொள்ளலாம். மைனஸ் ஒன்றில் கிடப்பதையும் படிக்க நினைப்பவர் படிக்கலாம். அந்த முறையிலும் குறைகள் இருந்தன. ஆனால் அதிகாரம் ஒரே கையில் தங்கிவிடக் கூடாது என்ற கவலை அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. உங்கள் விதிகளில் அந்தக் கவலையை நான் எங்கும் காணவில்லை.

எக்ஸ் தளத்தில் பதிவுகளுக்குக் கீழே பயனர்களே விளக்கம் சேர்க்கும் சமூகக் குறிப்புகளிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ட்விட்டராக இருந்தபோது 2021இல் அதைத் தொடங்கினார்கள். ஒரு குறிப்பு பயனுள்ளது என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை மட்டும் அது பார்ப்பதில்லை. வழக்கமாக ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள் இருதரப்பிலும் இருந்து அதை ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நம் செயலிக்கு இது அப்படியே பொருந்தும். ஊரில் வாழ்கிறவர்கள், வெளியூரில் வாழ்கிறவர்கள் என்று இரண்டு தரப்பு இங்கே இருக்கிறது. ஊர்ப் பிரச்சினை பற்றிய ஒரு பதிவு இரண்டு தரப்பிலும் ஆதரவு வாங்கினால் அது மேலே வரட்டும். எண்ணிக்கையில் பெரிய தரப்பு மட்டும் விரும்பியது எப்போதும் முதல் பக்கத்தில், சிறிய தரப்பு கேட்டது எப்போதும் பாதாளத்தில் என்ற நிலை அப்போது மாறும்.

அடுத்து, காரணம் சொல்ல மாட்டோம் என்ற மூன்றாவது விதி. என்னை அதிகம் புண்படுத்தியது இதுதான்.

உங்களில் ஒருவர், "ஏதாவது வழக்கு வந்தால் அட்மின் தலையில்தானே விழும், அதனால் சந்தேகம் வந்தால் நீக்கிவிடுவோம்" என்று சொன்னதாக அறிகிறேன். அந்தப் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் சட்டம் அப்படி இல்லை. வாட்ஸாப் குழுவில் உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்கு, அட்மினாக இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னது. அதே ஆண்டில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அந்த வழியைப் பின்பற்றியது. செயலி நடத்துகிறவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்த பிறகும் நீக்காமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்புப் போகும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் விளக்கியது. கருத்துச் சொன்னதற்காகக் கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவையே ரத்துசெய்த தீர்ப்பு அது.

காரணம் சொல்வதைப் பற்றியும் விதி இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இடைநிலையாளர், அதாவது பிறர் போடும் பதிவுகளைத் தாங்கும் தளத்தை நடத்துகிறவர், ஒவ்வொருவரும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததென்று தெரிவிக்க வேண்டும், குறிப்பிட்ட நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் உறுப்பினர் உள்ள பெரிய தளங்கள் தாமாக ஒரு பதிவை நீக்கினால், நீக்குவதற்கு முன்பே எழுதியவருக்குக் காரணம் தெரிவித்து, மறுப்புச் சொல்லவும் வாய்ப்புத் தர வேண்டும். நம் செயலி அவ்வளவு பெரியது இல்லை, அந்தக் கட்டாயமும் உங்களுக்கு இல்லைதான். கோடிக்கணக்கானவர்களைக் கட்டி மேய்க்கிற நிறுவனத்திடமே நாடு அதை எதிர்பார்க்கிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்த வட்டாரத்தில், நாளை கோயில் வாசலில் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களிடம் இரண்டு வரிக் காரணம் சொல்வது அவ்வளவு பாரமா?

பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு வைப்பது நமக்கு அந்நியமான பழக்கம் இல்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை, ஊர்ச்சபையின் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியைச் சொல்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். பதவிக் காலம் 360 நாள். அண்மையில் வாரியத்தில் இருந்தவர் உடனே திரும்ப வர முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. நிலமில்லாதவர்களையும் பெண்களையும் வெளியே நிறுத்திய ஏற்பாடு அது, அந்தப் பகுதியை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனாலும் கணக்குக் காட்டாதவன் திரும்ப வரக் கூடாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் செயலியில் தொடங்கிய நாள் முதல் அதே அட்மின்கள்தான். எந்தப் பதிவை எதற்காக நீக்கினார்கள் என்று இதுவரை ஒரு கணக்கும் வெளிவரவில்லை.

அட்மின் வேலை எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். சம்பளம் இல்லை, நன்றி இல்லை, நடு இரவில் சண்டை விலக்க வேண்டும். விளம்பரக் குப்பையையும் மோசடி லிங்க்கையும் நீங்கள் தினமும் பெருக்கித் தள்ளுவதால்தான் செயலி உயிரோடு இருக்கிறது. எதையுமே நீக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு பெண் உறுப்பினர் கூலி பற்றி எழுதிய பிறகு அவருக்குத் தனிச்செய்தியில் வந்த அசிங்கங்களை என் கடையில் உட்கார்ந்துதான் காட்டினார். அனுப்பியவர்களை அன்றே வெளியேற்றியிருக்க வேண்டும். அவர்கள் இன்னும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள், அவர் வெளியேறிவிட்டார். கண்டிப்பு வேண்டிய இடத்தில் கண்டிப்பு இல்லை என்பதும் என் புகாரில் சேர்ந்ததுதான்.

மொழி பற்றியும் ஒன்று. பேசுகிற மாதிரி எழுதிய பதிவுகளும் எழுத்துப்பிழை உள்ள பதிவுகளும் "தரமற்றது" என்ற பெயரில் நீக்கப்படுகின்றன. வாயால் சொல்லி எழுத்தாக்கியதை இப்படித் தள்ளுவதானால், பாதி ஊர் பேச முடியாது. நானே சிலரின் எழுத்தைத் திருத்தித் திருத்திக் கொடுக்கிறேன். எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு கணினி மையம் இருக்காது.

இப்போது நான் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மைனஸ் ஐந்து விதியைக் கைவிடுங்கள். டிஸ்லைக் எத்தனை விழுந்தாலும் பதிவு மறையக் கூடாது. கீழே போகலாம், அவ்வளவுதான். வரிசைப்படுத்தக் கழித்தல் கணக்குக்குப் பதிலாக வில்சன் முறையைப் போடுங்கள், அதற்கான நிரல் சில வரிதான், எழுதித் தர நானே தயார். முதல் 24 மணி நேரம் எந்தப் பதிவின் லைக், டிஸ்லைக் எண்ணிக்கையும் யாருக்கும் தெரியாதபடி வையுங்கள். காலையில் போட்ட பதிவை இரவில் வருகிறவரும் திறந்த மனதோடு படிக்கட்டும்.

இரட்டை வாக்கு வேண்டாம். ஒருவருக்கு ஒரு வாக்கு. டிஸ்லைக் போடுகிறவர் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வையுங்கள், அந்தப் பட்டியலில் "எனக்கு உடன்பாடில்லை" என்பதும் இருக்கட்டும். அந்தக் காரணத்துக்காகப் பதிவு கீழிறங்கக் கூடாது. விதிமீறலுக்குத் தனியாகப் புகார் பொத்தான் போதும். அதில் வரும் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நாளுக்குள் ரசீது போல ஒரு பதில் போக வேண்டும். சாதி இழிவும் பெண்களை மிரட்டுவதும் முதலில் பார்க்கப்பட வேண்டும், எத்தனை லைக் வாங்கியிருந்தாலும்.

எந்தப் பதிவை நீக்கினாலும் எந்த விதியின்படி, எந்த அட்மின் நீக்கினார் என்று எழுதியவருக்குத் தெரிவியுங்கள். அவர் முறையிட்டால், நீக்கிய அட்மின் அல்லாத மூன்று பேர் அதைப் பார்க்கட்டும். அந்த மூவரையும் உறுப்பினர்களிலிருந்து குலுக்கி எடுங்கள், ஒருவராவது ஊரிலேயே வாழ்கிறவராக இருக்கட்டும். "நற்பெயர்", "தரம்" போன்ற விதிப் பக்கத்தில் இல்லாத காரணங்களைச் சொல்லி நீக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அட்மின் பொறுப்புக்கு ஓராண்டுக் காலம் வையுங்கள், மாதாமாதம் நீக்கியவற்றின் எண்ணிக்கையையும் காரணத்தையும் வெளியிடுங்கள்.

ஏற்கெனவே நீக்கிய பதிவுகளை இந்த முறைப்படி மறுபடி பார்த்து, விதி மீறாதவற்றைத் திரும்பப் போடுங்கள். எழுதியவர்களுக்கு அதைத் தெரிவியுங்கள்.

விதிகள் நடைமுறைக்கு வருவதாக நீங்கள் சொன்ன நாளுக்கு முன் எனக்குப் பதில் வேண்டும். தனிச்செய்தியாக அனுப்ப வேண்டாம். செயலியின் அறிவிப்புப் பகுதியில், எல்லோரும் படிக்கும்படி, எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் ஏன் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்